புழு வயிற்றுச் சாராயம்

புழுவைப் பிடித்ததும் முதலில் ஐஸில் வைக்க வேண்டும். குளிரில் அது அசைவதை நிறுத்தியதும் மெழுகுத் தட்டில் மல்லாத்தி, தலையில் ஒரு ஊசி, வாலில் ஒரு ஊசி குத்தி, வயிற்றை நீளவாக்கில் கீற வேண்டும். உள்ளே ஈரக் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக நிறைந்திருக்கும். அது தின்ற மரம். எனக்கு வேண்டியது அந்தக் கறுப்பு. சின்னக் கரண்டியால் சுரண்டி, கிண்ணத்தில் உறையவைத்த சர்க்கரைக் கூழின்மேல் தடவி, மூடி போட்டு, எண் எழுதிவைப்பேன். சில புழுக்கள் ஊசி குத்தியதும் முழித்துக்கொள்ளும். கட்டைவிரல் தடிமன் இருக்கும் அவை நெளிகிறபோது உள்ளே இருப்பது என் கைக்குமேல் பீச்சியடிக்கும்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செவ்வாயும் வெள்ளியும் முட்டைகூட நுழையாத வீட்டிலிருந்து வந்தவள். ஆராய்ச்சிக்கூட உதவியாளர் என்று நியமனக் கடிதத்தில் பார்த்தபோது வெள்ளை அங்கி, கண்ணாடிக் குடுவை, மைக்ராஸ்கோப் என்றுதான் நினைத்திருந்தேன். அதெல்லாமும் இருந்தது. ஆனால் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு புழுக்களும் இருந்தன.

எண்பதுகளின் ஆரம்பம் அது. பெட்ரோல் விலை ஏறிக்கிடந்தது. இலையிலிருந்தும் தழையிலிருந்தும் எரிபொருள் செய்துவிடலாம் என்று எல்லோரும் பேசிய காலம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்லூரிக்குப் பின்னால், தகரக்கூரை போட்ட நீளமான கட்டடத்தில் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. அதற்குத் தலைவரை நாங்கள் டாக்டர் என்போம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பாதி ஆங்கிலம், பாதி அவர் வீட்டு யாழ்ப்பாணத் தமிழ். எங்களை எல்லாம் ‘நீர்’ என்பார்.

அவர் யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களை வயதானதும் தோட்டங்களில் வெட்டிச் சாய்த்து அப்படியே அழுகவிடுகிறார்கள். அந்த மரத்தைப் பிழிந்தால் இனிப்பான சாறு வருகிறது. சக்கையை அமிலத்தில் வேகவைத்தால் அதிலிருந்தும் ஒருவகைச் சர்க்கரை கிடைக்கிறது. ரொட்டிக்கடை ஈஸ்ட் சாற்றின் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கிவிடும். சக்கையின் சர்க்கரையைத் தொடாது. ஆனால் அழுகின மரத்துக்குள் கொம்பு வண்டின் புழுக்கள் மாசக்கணக்கில் மரத்தை மட்டுமே தின்று கொழுக்கின்றன.

“அப்ப அதின்ர வயித்துக்குள்ள இருக்கிற ஈஸ்டுக்கு அந்தச் சர்க்கரை சாப்பிடத் தெரிஞ்சிருக்க வேணும்” என்றார் டாக்டர். “காட்டு ஈஸ்ட். அதைப் பிடிச்சுத் தாரும்.”

பிடித்தேன். ஏழு மாதம் ஆயிற்று.

அந்த ஏழு மாதமும் என்மேல் ஒரு வாடை இருந்தது. அழுகின மரம், புளித்த பழம், அதற்கடியில் லேசாகச் சாராயம். லைப்பாய் சோப்புக்கு அது அசையவில்லை. சாயங்கால மினிபஸ்ஸில், நிற்க இடமில்லாத கூட்டத்திலும், என்னைச் சுற்றி மட்டும் ஒரு சாண் இடம் கிடைக்கும். பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்கு வந்தால் அம்மா கதவைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“குடிகாரன் பக்கத்துல படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்கு. நேரா பாத்ரூமுக்குப் போ. எதையும் தொடாதே.”

கடைசியில் ஒரு கிண்ணத்தில் அது வளர்ந்து வந்தது. வெண்ணெய் நிறத்தில், மினுமினுப்பாக, சின்னச் சின்னப் பொட்டுகள். சக்கைச் சர்க்கரையில் போட்டதும் இரண்டாம் நாள் நுரை கட்டியது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து டாக்டர் மோந்துபார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என் தோளைத் தட்டி, “பெட்ரோல் பிள்ளை, பெட்ரோல்!” என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு நினைவிருப்பதோ, இனிமேல் புழு கீற வேண்டியதில்லை என்று நினைத்ததுதான்.

அடுத்த கட்டம் தோட்டத்தில். பந்திங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து மேனேஜர் டாக்டருக்குப் பழக்கம். பழைய உரக்கொட்டகை ஒன்றைக் கொடுத்தார். அங்கே நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய்கள், சக்கை வேகவைக்க ஒரு கொப்பரை, சாராயம் வடிக்க ஒரு செம்புக் குழாய்க் கருவி எல்லாம் வந்து இறங்கின. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நான் கிள்ளான் போய், அங்கிருந்து பந்திங் பஸ் பிடித்துப் போவேன். கொட்டகைக்கு நூறடி முன்னாலேயே மூக்கு எரியும். கருகின சர்க்கரையையும் நனைந்த நாயையும் ஒன்றாக வேகவைத்தால் வரக்கூடிய நாற்றம். பீப்பாய்களின் மேல் ஒரு விரல் தடிமனுக்குப் பழுப்பு நுரை, அதில் ஒட்டிச் செத்த ஈக்கள். வடித்துக் கிடைக்கும் சாராயம் மட்டும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். அதை ஜெரிகேனில் பிடித்துவைப்போம்.

கொட்டகைக்குக் காவல் ஒரு ஜாகா. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, கஞ்சி போட்ட காக்கிச் சட்டை. அந்த ஏழு மாதமும் இந்தத் தோட்டத்து அழுகின மரங்களைப் பிளந்து எனக்குப் புழு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். வெறுங்கையால், மொச்சைக்கொட்டை பொறுக்குகிற மாதிரி பொறுக்குவார். அவர் மனைவிக்குத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. பத்து மணிக்கு முகத்துத் துணியை அவிழ்த்துவிட்டு வந்து எனக்கு ஒரு குவளை தேத்தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். அந்த நாற்றத்தில் என்னால் குடிக்க முடியாது. அவர் போனதும் கீழே ஊற்றிவிடுவேன்.

ஒருநாள் குவளையை வைத்துவிட்டு அந்த அக்கா போகாமல் நின்றார்.

“தங்கச்சி, ஒங்க தண்ணி இப்ப லயத்துல ஓடுது தெரியுமா?”

“எந்தத் தண்ணி அக்கா?”

“இந்தத் தண்ணிதான். ஞாயித்துக்கெழமை ஆறேழு பேரு. எங்காளுதான் தொறந்து விடறாரு. கள்ளுக்கடைப் பக்கமே இப்ப யாரும் போறதில்ல லா.”

ஜெரிகேனில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. அந்த நுரையை, அந்த ஈக்களை, அந்தப் புழுக்களின் வயிற்றுக் கறுப்பை நான் பார்த்திருந்தேன். அதைப் போய் ஒருத்தர் வாயில் ஊற்றிக்கொள்கிறாரா? அவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, தெரிந்தால் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். அதனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெழுகுத் தட்டில் மூன்று புழுக்களைக் குத்தி எடுத்துக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். குழாயடியில் ஆண்கள் ஏழெட்டுப் பேர் குளித்துவிட்டு நின்றார்கள். ஜாகாவும் இருந்தார்.

“அண்ணே, நீங்க குடிக்கிறது இதோட வயித்துல இருந்து எடுத்தது” என்று அவர்கள் முன்னாலேயே ஒரு புழுவைக் கீறிக் காட்டினேன். “இந்தக் கறுப்பு இருக்கு பாருங்க, இதுல வர்றதுதான் அந்த நுரை.”

எல்லோரும் தட்டுக்கு மேல் குனிந்து பார்த்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இதக் குடிச்சா வயித்துல புழு வளரும். மூணு மாசத்துல கொடலத் தின்னுரும்” என்றேன்.

சுத்தப் பொய். யாரோ ஒருவர் சிரித்தார், எல்லோரும் சிரித்தார்கள்.

“கள்ளுப் பானையில வண்டு, தேனீ எல்லாம் மெதக்கும் தங்கச்சி. ஊதிட்டுக் குடிப்போம்” என்றார் ஜாகா. தட்டிலிருந்து கீறாத புழு ஒன்றை ஊசியோடு பிடுங்கி, ஊசியைக் கழற்றி, அதை நாக்கின்மேல் வைத்துக்கொண்டார். அது நெளிந்தது. வாயை மூடித் திறந்து காட்டினார். இன்னும் நெளிந்தது. பிறகு உள்ளங்கையில் துப்பி, “பாவம், உசிரோட இருக்கு” என்று வாழை மரத்தடியில் விட்டார்.

நான் குழாயடியிலேயே வாந்தி எடுத்தேன். ஒரு பெண் வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே இருந்தவர்களில் அருவருப்புப் பட்டது நான் ஒருத்திதான்.

டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“எப்பிடியும் எரிபொருள் சாராயத்தைக் குடிக்க ஏலாததா ஆக்கத்தான் வேணும். அதுதான் விதி” என்றார். “நீரே மெத்தனாலைக் கலந்துவிடும்.”

மெத்தனால் என்னவென்று எனக்குத் தெரியும். பார்க்க, மோந்துபார்க்க, குடிக்க எல்லாம் சாராயம் மாதிரிதான். குடித்த அன்று ஒன்றும் தெரியாது. மறுநாள் கண்ணைப் பிடிக்கும்.

“சார், கலந்தது அவங்களுக்குத் தெரியாதே. வாடையில்லயே” என்றேன். “பியூட்டிரிக் அமிலம் ஒரு புட்டி நம்மகிட்ட இருக்கு. அதுல கொஞ்சம் விட்டா போதும் சார். யாரும் வாய் வைக்க மாட்டாங்க.”

அந்தப் புட்டியை எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை மூடி சரியாகப் போடாமல் விட்டதில் கட்டடம் முழுக்க இரண்டு நாள் வாந்தி நாற்றம் அடித்தது.

டாக்டர் மூக்கைச் சுளித்தார். “புதன்கிழமை விருந்தாளிகள் வருகினம். எங்கட சாராயத்தில வேன் ஓட்டிக் காட்டப்போறன். அந்த நாத்தத்தோட ஒரு மனிசன் வேனுக்குப் பக்கத்தில நிற்பானோ?”

“அவங்க திருடிக் குடிக்கிறாங்க சார். யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா?”

“போர்டு மாட்டுவம்.”

போர்டு வந்தது. மண்டையோடும் எலும்பும் வரைந்து, மலாயில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் ஒரு வரி எழுதலாமா என்று கேட்டதற்கு, “மண்டையோட்டுக்கு என்ன பாஷை?” என்றார்.

திங்கட்கிழமை நான்தான் ஊற்றினேன். வேறு யாரும் ஊற்றவில்லை. அளவு பார்த்து, புனல் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், என் கையால் ஊற்றினேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் என் சம்பளம் வேண்டியிருந்தது என்று நான் பல வருஷம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. அந்தப் பெரிய மனிதருக்கு முன்னால் ‘மாட்டேன்’ என்ற சொல் என் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜாகாவிடம் போனேன். கொட்டகைச் சாவியே அவரிடம்தான்.

“அண்ணே, இதுல இப்ப விஷம் கலந்திருக்கு. குடிச்சா கண்ணு போயிரும். உசுரும் போகும். நெசமா சொல்றேன்.”

அவர் சிரித்தார். “போன தடவ கொடலத் தின்னும்னீங்க. இப்ப கண்ணா?” வயிற்றைத் தட்டிக் காட்டினார். “கொடல் நல்லாருக்கு தங்கச்சி.”

“அது பொய்தான் அண்ணே. இது நெசம்.”

“சரி, சரி. குடிக்கல” என்றார். குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரல்.

புதன்கிழமை டை கட்டினவர்கள் பத்துப் பேர் வந்தார்கள். எங்கள் சாராயத்தில் வேன் ஓடியது. செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஒரு வட்டம் போய்த் திரும்பி வந்தது. கை தட்டினார்கள். புகையில் லேசான இனிப்பு வாடை. ஒருவர்கூட மூக்கைப் பொத்தவில்லை. டாக்டர் என் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, காட்டில் பிடித்த ஈஸ்ட் என்று விளக்கினார். புழு என்ற சொல்லை அவர் சொல்லவேயில்லை. மேசைமேல் பலகாரங்கள் இருந்தன. ஜாகா புதுச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டில் சல்யூட் அடித்தார். வண்டிகள் போனபோது ஜெரிகேனில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. நான் அதைக் கொட்டியிருக்கலாம். டாக்டர் வேனில் ஏறச் சொன்னார், ஏறினேன்.

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்து ஆபீஸ் கிராணி எங்கள் பிரிவுக்குப் போன் பண்ணினார். டாக்டர் மேசைக்கு எதிரே நின்று அந்தப் பக்கத்துக் குரலை நானும் கேட்டேன். ஜாகா விடியற்காலையிலிருந்து வாந்தி எடுக்கிறாராம். எல்லாம் வெள்ளைப் புகையாகத் தெரிகிறது என்கிறாராம். இன்னும் இரண்டு பேருக்கு வயிற்று வலி. கிள்ளானில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

டாக்டர் போனை வைத்தார். “எங்கயோ கள்ளச் சம்சு வாங்கிக் குடிச்சிருப்பான்.”

“சார், கண்ணு தெரியலன்னு…”

“நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். விளங்குதோ? கலந்தது நீர்தான் எண்டு ஞாபகம் வைச்சுக்கொள்ளும்.”

பயமுறுத்தல் என்றுகூடச் சொல்ல முடியாது. ரொம்ப அமைதியாக, கிட்டத்தட்ட அக்கறையாகச் சொன்னார். சட்டையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார். அந்த விரல்களைப் பார்த்தபோது, ஏழு மாதம் புழுக்களிடம் எனக்கு வராத ஒரு கூசல் உடம்பெல்லாம் ஓடியது. புழு மரத்தைத் தின்றது. வேறு யாருக்கும் அது ஒன்றும் செய்யவில்லை.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க, ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பார்கள், நான் போய் என்ன ஆகப்போகிறது, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஷா ஆலாமில் ஒருதரம் எழுந்தும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் வழிவிடாததால் உட்கார்ந்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். வேலை உடுப்போடேயே வந்திருந்தார். இளம் டாக்டர் ஒருவர் வார்டிலிருந்து வெளியே வந்தார். அவர் கையிலிருந்த தாளில் ‘சம்சு’, அதாவது கள்ளச்சாராயம், என்று எழுதியிருந்தது.

“டாக்டர், அது சம்சு இல்ல. மெத்தனால்” என்றேன்.

“யார் சொன்னது?”

“நான்தான் ஊத்துனேன்.”

அவர் ஒரு வினாடி என்னைப் பார்த்தார். எவ்வளவு, எதில், எப்போது கலந்தது என்று மூன்றே கேள்வி. பதில் சொன்னதும் திரும்பி ஓடினார். அவர்கள் செய்த வைத்தியம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. நல்ல சாராயத்தையே அளவாக இரத்தத்தில் ஏற்றினார்கள். அது உடம்பில் இருக்கும்வரை மெத்தனால் விஷமாக மாறாமல் வெளியேறிவிடுமாம். மூன்று பேருக்கும் ஏற்றினார்கள். மற்ற இரண்டு பேரும் நாலு நாளில் எழுந்து நடந்தார்கள். கொஞ்சமாகக் குடித்திருந்தார்கள்.

ஜாகா பிழைத்தார். பார்வை திரும்பவில்லை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். என் காலடிச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார், ஆனால் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு அப்பால் பார்த்தார்.

“நேரா பாத்தா ஒண்ணுமில்ல தங்கச்சி. ஓரத்துல கொஞ்சம் தெரியுது. இப்படிச் சாச்சுப் பாத்தா ஒங்க கை தெரியுது.” தலையணையைத் தடவிச் சாய்ந்துகொண்டே, “நீங்க சொன்னீங்க. நாந்தான் கேக்கல” என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அக்கா என்னோடு வாசல்வரை வந்தார். தேத்தண்ணீர் கொடுத்த அதே முகம்தான். குரல் உயரவில்லை.

“ஒரு புழுவுக்குத் தட்டத் தூக்கிட்டு லயம் பூரா வந்தியே. இதுக்கு அவரு ஒருத்தர்கிட்ட மட்டும் காதுல சொல்லிட்டுப் போயிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நான் அத ஒடச்சுக் கொட்டியிருப்பேனே.”

அது எனக்குத் தோன்றவேயில்லை. ஓடுகிறது என்று முதலில் வந்து சொன்னதே அவர்தான், இருந்தும் தோன்றவில்லை.

தோட்டம் விசாரித்தது. காவல்காரனே திருடினான் என்று முடிவாயிற்று. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. கிள்ளானில் அக்காவின் அண்ணன் வீட்டுப் பின்கட்டுக்கு அவர்கள் போனார்கள். அக்கா ஒரு கையுறை ஃபேக்டரியில் சேர்ந்தார். நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

டாக்டர் என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. குடுவை கழுவும் அறைக்கு மாற்றினார். ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்டறிக்கை வந்தபோது எடுத்துப் பார்த்தேன். என் ஈஸ்டின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருந்தது. ஜாகாவைப் பற்றி ஒரே வரி: சேமிப்பிடத்தில் சிறிய பாதுகாப்புக் குறைபாடு ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அந்த வாரமே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு ஒரு தனியார் கிளினிக்கில் இரத்தம் பரிசோதிக்கும் வேலைக்குப் போனேன். அம்மாவுக்கு நிம்மதி. கொஞ்ச வருஷத்தில் பெட்ரோல் விலை இறங்கியது. செம்பனைச் சாராயம் யாருக்கும் வேண்டாமல் போயிற்று. பிரிவை மூடிவிட்டார்கள். அந்தக் கொட்டகையில் மறுபடி உர மூட்டை அடுக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தொண்ணூறுகளில் ஒரு கல்யாணம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். பந்திக்குப் போகும் கூட்டத்தில் யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். டாக்டர். தலை முழுக்க வெள்ளை. பட்டு வேட்டி.

“நீர் எங்கட ஈஸ்ட் பிள்ளை எல்லோ!” என்றார். நிஜமான சந்தோஷம் முகத்தில். மனைவியைக் கூப்பிட்டு, “இவதான் புழு வெட்டினவ. என்ன கை தெரியுமோ? ஒரு சொட்டுச் சிந்தாது” என்றார்.

அந்த அம்மா சிரித்தார். டாக்டர் கையை நீட்டினார். மிருதுவான, சூடான, பவுடர் வாசனை அடிக்கிற கை. நான் பிடித்துக் குலுக்கினேன்.

“நல்லா இருக்கிறீரோ?”

“நல்லா இருக்கேன் சார்.”

ஜாகாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, உட்காரும் என்றார். இலை போட்டார்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம்வரைக்கும் இருந்து, சாப்பிட்டு எழுந்தேன்.